சதுப்பை மீட்கும் பன்னிரண்டு டாலர்

கலிபோர்னியாவின் சான்பிரான்சிஸ்கோ விரிகுடாவைச் சுற்றி ஒன்பது கவுண்டிகள் இருக்கின்றன. கவுண்டி என்பது ஏறத்தாழ நம் மாவட்டம் போன்றது. 2016 ஜூன் 7 அன்று அந்த ஒன்பது கவுண்டிகளின் மக்கள் வாக்களிக்கப் போனபோது, வேட்பாளர் பெயர்களோடு ஒரு வரித் தீர்மானமும் சீட்டில் இருந்தது. ‘மெஷர் ஏஏ’ என்று பெயர். வீடோ கடையோ தொழிற்சாலையோ, வரி கட்டும் ஒவ்வொரு மனைக்கும் ஆண்டுக்கு 12 டாலர் வீதம் 20 ஆண்டுகள் வசூலிப்பது, அதைக்கொண்டு விரிகுடாவின் ஓரத்துச் சதுப்பு நிலங்களை மீட்டுக் கரையோரத்தை வெள்ளத்திலிருந்து காப்பது என்பதுதான் தீர்மானம். நிறைவேற மூன்றில் இரண்டு பங்கு ஆதரவு வேண்டும். சுமார் 70 விழுக்காட்டினர் ஆதரித்தார்கள். ஒன்பது கவுண்டிகளும் ஒன்றாகச் சேர்ந்து தமக்குத் தாமே ஒரு வரியை விதித்துக்கொண்டது அதுதான் முதல் முறை.

ஆண்டுக்குக் கிடைப்பது சுமார் 2.5 கோடி டாலர். 20 ஆண்டுகளில் 50 கோடி. உலகின் பெரும் தொழில்நுட்ப நிறுவனங்கள் குடியிருக்கும் பகுதிக்கு இது சின்னத் தொகை. ஆனாலும் கடலோரச் சதுப்பு நிலத்துக்கு அரசுப் பணம் எப்படி வர வேண்டும் என்று யோசிக்கிறவர்கள் கூர்ந்து படிக்க வேண்டிய ஏற்பாடு இது. அழிந்த சதுப்பு திரும்ப எழுவதற்குப் பல பத்தாண்டுகள் பிடிக்கும். அதற்குத் தரும் பணமும் அத்தனை காலம் தொடர்ந்து வர வேண்டும். தொகையின் பெருமையைக் காட்டிலும் அதன் தொடர்ச்சியே முதல் தேவை என்பதுதான் இந்த விரிகுடாவின் வரலாறு சொல்லும் செய்தி.

தொலைந்தது எப்படி

சியரா நெவாடா மலைகளின் மழையும் உருகும் பனியும் சாக்ரமெண்டோ, சான் வாக்கின் என்ற இரண்டு ஆறுகளாக இறங்கி விரிகுடாவில் கலக்கின்றன. அங்கிருந்து கோல்டன் கேட் வாய் வழியே பசிபிக் கடலுக்குப் போகின்றன. ஓதம் ஏறும்போது மூழ்கி, வற்றும்போது வெளிப்படும் சதுப்பு, 1849இல் தங்க வேட்டைக் கூட்டம் வந்து இறங்குவதற்கு முன்பு விரிகுடாவின் ஓரங்களில் சுமார் 1,90,000 ஏக்கர் பரந்திருந்தது. 20ஆம் நூற்றாண்டின் இறுதியில் எஞ்சியது ஏறத்தாழ 40,000 ஏக்கர்.

இடையில் நடந்தவை பல. வடக்கே சோனோமா, நாபா பக்கம் சதுப்பைக் கரை கட்டி அடைத்துத் தீவனப் புல் பயிரிட்டார்கள். தெற்கே ஆயிரக்கணக்கான ஏக்கரை உப்பளமாக்கினார்கள். இரண்டு பெரிய விமான நிலையங்களும் துறைமுகத் தளங்களும் குப்பை மேடுகளும் விரிகுடாவைத் தூர்த்து எழுந்தன. மலைகளில் தங்கம் தேடியவர்கள், 1850களிலிருந்து பெருங்குழாய்களில் நீரைப் பீய்ச்சி மலைச்சரிவையே கரைத்தார்கள். அந்தக் கரைசல் ஆறுகளில் இறங்கி விரிகுடாவின் அடியில் படிந்தது. கீழ்நிலத்து உழவர்கள் தொடுத்த வழக்கில் 1884இல் நீதிமன்றம் அதற்குத் தடை விதித்தது. நிலவியலாளர் குரோவ் கார்ல் கில்பர்ட் அந்த வண்டலின் பயணத்தை ஆராய்ந்து 1917இல் வெளியிட்ட ஆய்வு இன்றும் இத்துறையின் அடிப்படை நூல்.

இன்னொரு சேதம் கண்ணுக்குத் தெரியாமல் நடந்தது. தெற்கே சான் ஓசே நகரைச் சுற்றிய பழத்தோட்டங்களுக்காக நிலத்தடி நீரை உறிஞ்சியதில், 20ஆம் நூற்றாண்டின் முதல் எழுபது ஆண்டுகளுக்குள் நகரின் நடுப்பகுதி சுமார் 13 அடி இறங்கியது. விரிகுடா ஓரத்தில் இருக்கும் அல்விசோ என்ற சிற்றூர் கடல்மட்டத்துக்கும் கீழே போனது. 1983இல் அந்த ஊர் வெள்ளத்தில் மூழ்கியது. உப்பளப் பாத்திகளின் தரையும் நிலத்தோடு சேர்ந்து தாழ்ந்துவிட்டதால், கரையை உடைத்து ஓதத்தை உள்ளே விட்டால் மட்டும் போதாது என்ற நிலை ஏற்பட்டது. பள்ளம் நிரம்ப வண்டலும் வேண்டும்.

தூர்ப்பதைத் தடுத்த கதை மீட்பு முயற்சிக்கு முந்தையது. 1961இல் பெர்க்லி நகராட்சி விரிகுடாவில் இரண்டாயிரம் ஏக்கருக்கு மேல் தூர்த்து நகரை விரிக்கத் திட்டமிட்டபோது, கே கெர், சில்வியா மெக்லாக்லின், எஸ்தர் குலிக் என்ற மூன்று பெண்கள் ஒரு டாலர் சந்தாவில் ஓர் இயக்கம் தொடங்கினார்கள். நான்கே ஆண்டுகளில், 1965இல், விரிகுடாவைத் தூர்ப்பதற்கு அனுமதி வாங்கியே ஆக வேண்டும் என்ற சட்டமும் அதைக் காக்க ஓர் ஆணையமும் வந்தன. அழிவை நிறுத்த ஒரு சட்டமும் அதைக் காவல் காக்க மக்களும் போதுமாக இருந்தார்கள். அழிந்ததை மீட்பது வேறு வேலை. அதற்குப் பணம் வேண்டும், அதுவும் ஆண்டுதோறும் வேண்டும்.

1999இல் நூற்றுக்கு மேற்பட்ட அறிவியலாளர்கள் கூடி ஓர் இலக்கை வகுத்தார்கள். ஓதச் சதுப்பை ஒரு லட்சம் ஏக்கராக உயர்த்த வேண்டும் என்பது அது. தொலைந்தது முழுவதையும் அவர்கள் கேட்கவில்லை. நகரங்கள் எழுந்துவிட்ட பிறகு மிச்சமிருக்கும் இடத்தில் எவ்வளவு முடியுமோ அவ்வளவைக் கேட்டார்கள்.

வாங்குவது ஒரு நாள், மீட்பது ஐம்பது ஆண்டு

2003இல் அமெரிக்க மத்திய அரசும் கலிபோர்னியா மாநிலமும் கார்கில் நிறுவனத்திடமிருந்து 16,500 ஏக்கர் உப்பளத்தை 10 கோடி டாலருக்கு வாங்கின. பேச்சுவார்த்தையை முன்னின்று நடத்தியவர் செனட்டர் டயான் ஃபைன்ஸ்டைன். மாநிலம் 7.2 கோடி, மத்திய அரசு 80 லட்சம், அறக்கட்டளைகள் 2 கோடி எனப் பணம் திரண்டது. இதில் 15,100 ஏக்கர் விரிகுடாவின் தென்பகுதியில் இருக்கிறது. அமெரிக்காவின் மேற்குக் கடற்கரையில் நடக்கும் மிகப் பெரிய ஓதச் சதுப்பு மீட்பு அங்கேதான் தொடங்கியது. திட்டக் காலம் 50 ஆண்டுகள்.

ஏன் அத்தனை காலம் என்பது ஒரு பாத்தியைக் கிட்டத்தில் பார்த்தால் புரியும். 2006 மார்ச்சில் அல்விசோ அருகே ‘தீவுப் பாத்திகள்’ எனப்படும் மூன்று உப்புப் பாத்திகளின் கரைகளை மண்வெட்டி இயந்திரங்கள் உடைத்தன. பல பத்தாண்டுகளாக உப்பு காய்ந்த அந்தத் தரையில் ஜிப்சம் ஓடுபோல் இறுகிக் கிடந்தது. ஒவ்வொரு ஏற்றத்திலும் கலங்கல் நீர் உள்ளே புகுந்தது, வற்றும்போது மெல்லிய சேற்றுப் படலத்தை விட்டுச் சென்றது. நாளுக்கு இரண்டு முறை இப்படி நடக்க நடக்கத் தரை உயர்ந்தது. செடி வேர்பிடிக்கும் அளவுக்குத் தரை எழுந்த இடங்களில் விதைகள் ஒதுங்கி முளைத்தன. முதலில் வரும் செடிகளில் ஒன்று, நம் உப்பளக் கரைகளில் சிவந்து கிடக்கும் உமரிக்கு நெருங்கிய உறவு. உப்புநீரைக் குடித்தே வாழக்கூடிய சதுப்பு எலியும், ரிட்ஜ்வே ரெயில் என்ற நீர்க்கோழி இனப் பறவையும் அந்தச் செடிப் புதர்களை நம்பி வாழ்பவை. இரண்டும் அழிவின் விளிம்பில் உள்ளவை எனச் சட்டப் பாதுகாப்பு பெற்றவை.

தீவுப் பாத்திகளில் சேறு எதிர்பார்த்ததைவிட வேகமாகவே படிந்தது. எல்லா இடத்திலும் அப்படி எளிதாக முடியாது. அல்விசோவுக்கு மேலே மலையில் நியூ அல்மடேன் என்ற பழைய பாதரசச் சுரங்கம் இருக்கிறது. வட அமெரிக்காவில் மிக அதிகமாகப் பாதரசம் எடுத்த இடம் அது. தங்கத்தைப் பிரிக்க உதவிய அந்தப் பாதரசத்தின் எச்சம் ஓடை வழியே இறங்கி விரிகுடாச் சேற்றில் புதைந்து கிடக்கிறது. சேற்றைக் கிளறினால் அது மீனுக்கும் பறவையின் முட்டைக்கும் போகும். அதனால் ‘ஏ8’ என்ற பாத்தியில் கரையை உடைக்காமல், தேவைப்பட்டால் மூடிவிடக்கூடிய மதகு ஒன்றைக் கட்டினார்கள். 2011இல் அதைக் கொஞ்சமாகத் திறந்துவிட்டு, மீனிலும் ஆலாப் பறவைகளின் முட்டையிலும் பாதரச அளவைச் சோதித்தார்கள். தொடக்கத்தில் அளவு கூடியது, பிறகு இறங்கியது. அதன் பின்னரே மதகை மேலும் திறந்தார்கள்.

பறவைகளுக்குள்ளும் ஒரு வழக்கு இருந்தது. நூற்றாண்டுக்கு மேல் உப்பளமாகவே இருந்ததால், வலசை வரும் கரைப்பறவைகள் அந்தப் பாத்திகளில் இரை தேடப் பழகிவிட்டன. வெண்ணிற உப்புத் தரையில் முட்டையிடும் சிறு உப்புக்கொத்தி இனம் ஒன்றும் அங்கே தங்கிவிட்டது. சதுப்பு எலிக்காக எல்லாப் பாத்தியையும் திறந்துவிட்டால் இவை இடம் இழக்கும். ஆகவே பாதி முதல் பத்தில் ஒன்பது பங்கு வரை சதுப்பாக்கலாம், எங்கே நிறுத்துவது என்பதைப் பறவைக் கணக்கைப் பார்த்துப் பார்த்து முடிவு செய்யலாம் எனத் திட்டம் வகுக்கப்பட்டது.

பொதுப் பணத்தின் சிக்கல் இங்கே தெளிவாகத் தெரிகிறது. நிலம் வாங்கப் பணம் திரட்டலாம். கரை உடைக்கும் நாளில் கேமராக்கள் வரும், தலைவர்கள் வருவார்கள். அடுத்த இருபது ஆண்டுகள் முட்டையில் பாதரசம் அளக்க, சேறு எவ்வளவு ஏறியது என்று கோல் நட்டுப் பார்க்க, அந்நியச் செடிகளைக் களைய, மதகுகளைப் பழுதுபார்க்கப் பணம் தர யாரும் விரும்புவதில்லை. மாநிலக் கடன் பத்திரப் பணம் பெரும்பாலும் கட்டுமானத்துக்கே போகும். மத்திய அரசின் பணம் ஆண்டுதோறும் நாடாளுமன்றத்தின் மனநிலையைப் பொறுத்தது. மீட்புப் பணியின் பாதி கண்காணிப்பில்தான் இருக்கிறது. அந்தப் பாதிக்கு நிலையான வருமானம் இல்லை.

மனைக்குப் பன்னிரண்டு

இதைச் சரிசெய்யவே 2008இல் மாநிலச் சட்டமன்றம் ‘சான்பிரான்சிஸ்கோ விரிகுடா மீட்பு ஆணையம்’ என்ற அமைப்பை உண்டாக்கியது. மக்களிடம் வரி கேட்கும் அதிகாரம் அதற்கு இருந்தது, பணம் இல்லை. பொருளாதார வீழ்ச்சிக் காலத்தில் வரி கேட்டால் தோற்கும் என்று காத்திருந்து, எட்டாண்டு கழித்துத்தான் மெஷர் ஏஏ வாக்கெடுப்புக்கு வந்தது.

வரி ஏன் எல்லோருக்கும் ஒரே 12 டாலராக அமைந்தது? விடை 1978இல் இருக்கிறது. அந்த ஆண்டு கலிபோர்னிய வாக்காளர்கள் நிறைவேற்றிய ‘புரொபசிஷன் 13’, சொத்து மதிப்பின் மீதான வரியை ஒரு விழுக்காட்டில் கட்டிப்போட்டது. தனி நோக்கத்துக்கான புதிய உள்ளூர் வரிக்கு மூன்றில் இரண்டு பங்கு வாக்கு வேண்டும் என்றும் சொன்னது. சொத்து மதிப்பைப் பார்த்து வரி போடும் கதவு அடைபட்டதால், மனை ஒன்றுக்கு இவ்வளவு என்ற வழியே உள்ளாட்சிகளுக்கு எஞ்சியது.

இது நியாயமான வரியா என்ற கேள்வி அப்போதே எழுந்தது, எழுந்ததும் சரியே. ஓய்வூதியத்தில் வாழும் ஒரு முதியவரின் சிறு வீடு ஒரு மனை. பல்லாயிரம் பேர் வேலை செய்யும் நிறுவன வளாகம் ஒரே மனையாகப் பதிவாகியிருந்தால் அதுவும் ஒரு மனை. இரண்டுக்கும் 12 டாலர். கடல் ஏறினால் அதிகம் இழக்கப்போவது விரிகுடா ஓரத்து அலுவலக வளாகங்கள், விமான நிலையங்கள், நெடுஞ்சாலைகள். பயனும் சுமையும் பொருந்தவில்லை. ஆனால் அந்த எளிமைதான் வாக்கையும் வென்று தந்தது. மாதத்துக்கு ஒரு டாலர் என்று வீட்டுக்கு வீடு சொல்ல முடிந்தது. சூழலியல் இயக்கங்களும் பெருந்தொழில் அமைப்புகளும் ஒரே மேடையில் நின்று பிரச்சாரம் செய்தன. சில கவுண்டிகளில் தனியாகப் பார்த்தால் ஆதரவு மூன்றில் இரண்டு பங்கை எட்டவில்லை. ஒன்பதையும் ஒரே தொகுதியாக எண்ணியதால் நிறைவேறியது. ஓதத்துக்குக் கவுண்டி எல்லை தெரியாது என்பதால் அப்படி எண்ணியதே முறை.

செலவு செய்யும் விதியிலும் கவனம் இருந்தது. பாதித் தொகையை மக்கள்தொகையைப் பார்த்து நான்கு வட்டாரங்களுக்குப் பிரித்தார்கள். வடக்குக்கு 9, கிழக்குக்கு 18, மேற்குக்கு 11, தெற்குக்கு 12 விழுக்காடு. மீதிப் பாதி எங்கே நல்ல பணி இருக்கிறதோ அங்கே போகலாம். நிர்வாகச் செலவு 5 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது. குடிமக்கள் குழு ஒன்று ஆண்டுதோறும் கணக்கைப் பார்க்கும். கட்டுமானத்தோடு திட்டமிடல், கண்காணிப்பு, பராமரிப்பு ஆகியவற்றுக்கும் பணம் தரலாம். வேறெங்கும் அனாதையாக நிற்கும் பணிகளுக்கு இந்த வரியில் இடம் கிடைத்தது.

உள்ளூரில் உறுதியான பணம் இருந்தால் வெளியிலிருந்தும் பணம் வரும் என்பது இன்னொரு பயன். மத்திய சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 2008 முதல் 2016 வரை நாட்டின் மற்ற முகத்துவாரங்களான செசபீக் விரிகுடாவுக்குச் சுமார் 49 கோடி டாலரும் பியூஜெட் சவுண்டுக்கு 26 கோடியும் தந்தபோது, சான்பிரான்சிஸ்கோ விரிகுடாவுக்கு வந்தது 4.5 கோடிதான். உள்ளூர் மக்கள் தம் பையிலிருந்து எடுத்துக் கொடுத்த பிறகு அந்த ஓரவஞ்சனையைக் கேள்வி கேட்கும் தகுதி கூடியது. 2022 இறுதியில் விரிகுடாவுக்கென்றே ஐந்தாண்டுகளுக்கு ஆண்டுக்கு 2.5 கோடி டாலர் வரை ஒதுக்க அனுமதிக்கும் மத்தியச் சட்டம் வந்தது. அனுமதி வேறு, ஒதுக்கீடு வேறு. அதை ஆண்டுதோறும் போராடித்தான் பெற வேண்டும்.

அலுவலக வேலைக்குக் கொஞ்சம் பணம் போனதும் நல்ல பயன் தந்தது. சதுப்பு மீட்புக்கு நீர்வாரியம், மீன்வளம், வனவிலங்கு, ராணுவப் பொறியாளர் படை என ஆறு துறைகளின் அனுமதி வேண்டும். விரிகுடாவைத் தூர்ப்பவரைத் தடுக்க எழுதிய விதிகள், அதை மீட்க வருபவரையும் ஆண்டுக்கணக்கில் காக்க வைத்தன. 2019 முதல் அந்த ஆறு துறைகளின் அலுவலர்களும் மீட்புத் திட்டங்களை மட்டும் சேர்ந்து பரிசீலிக்கும் குழு இயங்குகிறது. அதன் சம்பளத்தில் ஒரு பங்கு 12 டாலர் வரியிலிருந்து போகிறது.

துறைமுகம் வீசும் செல்வம்

விரிகுடாவின் கிழக்குக் கரையில் ஓக்லாந்து துறைமுகம் இருக்கிறது. 1960களில் கொள்கலன் கப்பல்களுக்கு முதலில் கதவு திறந்த மேற்குக் கடற்கரைத் துறைமுகங்களில் ஒன்று. கப்பல்கள் பெரிதாகப் பெரிதாக அது தன் கால்வாயை 42 அடிக்கும், பிறகு 2009க்குள் 50 அடிக்கும் ஆழப்படுத்தியது. ஆழப்படுத்திய பிறகும் சேறு சேர்ந்துகொண்டே இருக்கும், ஆண்டுதோறும் தூர்வார வேண்டும். துறைமுகத்துக்கு அந்தச் சேறு கழிவு. பள்ளமாகிப்போன சதுப்புக்கு அதுவே உயிர்.

நெடுங்காலம் அந்தச் சேற்றை அல்கட்ராஸ் தீவின் அருகே கொட்டினார்கள். ஓதம் அள்ளிக்கொண்டு போய்விடும் என்று நம்பினார்கள். 1982இல் பார்த்தபோது நீருக்கடியில் குன்று எழுந்து கப்பல் போக்குவரத்துக்கே இடையூறாகியிருந்தது. பிறகு கோல்டன் கேட்டிலிருந்து சுமார் 50 மைல் தொலைவில் ஆழ்கடலில் ஓர் இடம் 1994இல் குறிக்கப்பட்டது. படகில் ஏற்றிக்கொண்டு போய் அங்கே கொட்டுவது சட்டப்படி சரியான முறையானது. சதுப்பு மேட்டுக்காக ஏங்கும் விரிகுடா தன் சேற்றைக் கடலுக்குத் தாரை வார்த்தது.

மாற்று வழி சாத்தியம் என்பதற்குச் சான்று இருக்கிறது. 1996இல் ஓக்லாந்தின் முதல் ஆழப்படுத்தலில் வந்த சேற்றில் சுமார் 20 லட்சம் கன கெஜத்தைக் கொண்டு சோனோமா பேலண்ட்ஸ் என்ற இடத்தில் தாழ்ந்த வயலை உயர்த்தினார்கள். அடுத்த ஆழப்படுத்தலின் சேறு மாரின் கவுண்டியில் இருந்த ஹாமில்டன் என்ற பழைய ராணுவ விமானதளத்துக்குப் போனது. ஓடுபாதையின் மேலேயே லட்சக்கணக்கான கன கெஜம் சேற்றைப் பரப்பி, 2014 ஏப்ரலில் கரையைத் திறந்தார்கள். துறைமுகத்தின் வளர்ச்சிச் செலவு சதுப்பின் வளர்ச்சிக்கும் உதவிய இடம் அது.

பிறகு ஏன் எல்லாச் சேறும் அப்படிப் போவதில்லை? தூர்வாரும் பணியை நடத்தும் ராணுவப் பொறியாளர் படையின் நிதி விதிதான் காரணம். சுற்றுச்சூழல் சட்டத்துக்கு உட்பட்ட வழிகளில் எது மலிவோ அந்த வழிக்கே மத்திய அரசு பணம் தரும். கடலில் கொட்டுவதைவிடச் சதுப்புக்குக் கொண்டுபோவது செலவு அதிகமானால், அந்தக் கூடுதல் தொகையை வேறு யாராவது ஏற்க வேண்டும். இந்தக் கணக்கில் வீசப்பட்ட சேற்றுக்கு விலை இல்லை. பத்தாண்டு கழித்து அதே சதுப்பை உயர்த்த மண்ணை விலைக்கு வாங்கும்போது அந்தச் செலவு வேறொரு துறையின் கணக்கில் எழுதப்படும். ஒரே அரசின் ஒரு கை வீசியதை மறு கை விலை கொடுத்து வாங்குகிறது.

இந்த விதி கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்கிறது. 2020இன் நீர்வளச் சட்டம், மலிவைக் கணக்கிடும்போது சூழலியல் பயனையும் எண்ணச் சொல்கிறது. தோண்டும் சேற்றில் 70 விழுக்காட்டை 2030க்குள் பயனுள்ள வேலைக்கு அனுப்புவோம் என்று பொறியாளர் படையே இலக்கு அறிவித்தது. 2023 டிசம்பரில் ரெட்வுட் சிட்டி துறைமுகத்தில் தோண்டிய சுமார் 90,000 கன கெஜம் சேற்றை, ஈடன் லேண்டிங் அருகே சதுப்புக்கு முன்னால் ஆழமற்ற நீரில் போட்டார்கள். அலையும் ஓதமும் அதைச் சதுப்புக்குள் கொண்டு சேர்க்கின்றனவா என்று பார்க்கும் பரிசோதனை அது. சேற்றைக் குழாயில் ஏற்றும் செலவை இயற்கையிடம் ஒப்படைக்கும் முயற்சி.

அவசரம் இருக்கிறது. ஆறுகளில் கட்டிய அணைகள் வண்டலைப் பிடித்து வைத்துக்கொள்கின்றன. தங்கச் சுரங்கக் காலத்துச் சேற்றுக் கையிருப்பும் தீர்ந்துவருகிறது. 1999ஐ ஒட்டி விரிகுடா நீரில் மிதக்கும் வண்டல் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் சட்டென்று குறைந்ததை மத்திய நிலவியல் ஆய்வுத் துறையின் அளவீடுகள் காட்டின. கடல் ஏறுவதற்கு முன்பே செடி வேர்பிடித்துவிட்டால் சதுப்பு தானும் சேற்றைப் பிடித்து உயர்ந்து தாக்குப்பிடிக்கும். பிந்தினால் பாத்தி திறந்த நீராகவே நின்றுவிடும். 2030க்குள் முடிந்தவரை சதுப்பை எழுப்பிவிட வேண்டும் என்று 2015இலேயே அறிவியலாளர்கள் எச்சரித்தது இதனால்தான்.

ஒரே தவணையில் வரும் பெரும்பணம்

தொகை பெரிதாக இருந்தால் போதாதா என்று கேட்பவர்கள் நியூ ஆர்லியன்ஸ் பக்கம் பார்க்கலாம். மிசிசிப்பி முகத்துவாரத்தில் லூசியானா மாநிலம் 1930களிலிருந்து ஏறத்தாழ 2,000 சதுர மைல் நிலத்தைக் கடலுக்கு இழந்திருக்கிறது. ஆற்றின் இரு பக்கமும் உயர்ந்த கரைகள் வண்டலைச் சதுப்புக்குப் போகவிடாமல் தடுக்கின்றன. எண்ணெய் நிறுவனங்கள் வெட்டிய கால்வாய்கள் உப்புநீரை உள்ளே கொண்டுவந்தன. 2010இல் மெக்சிகோ வளைகுடாவில் எண்ணெய்க் கிணறு வெடித்த பேரழிவுக்குப் பிறகு, அந்தக் கிணற்றுக்குப் பொறுப்பான பிபி நிறுவனத்தோடு 2016இல் முடிந்த உடன்பாடு 2,080 கோடி டாலர். அதில் பெரும் பங்கு லூசியானாவுக்கு.

அந்தப் பணத்தில் ‘மிட் பராடேரியா’ திட்டம் 2023 ஆகஸ்டில் தொடங்கியது. ஆற்றங்கரையில் மதகு வைத்து, வண்டல் நீரைச் சதுப்புக்குத் திருப்பிவிட்டு, ஆறே நிலம் கட்டட்டும் என்ற யோசனை. செலவு 300 கோடி டாலர் அளவுக்குப் போனது. நன்னீர் பாய்ந்தால் சிப்பிப் படுகைகள் அழியும் என்று மீனவரும் சிப்பி வளர்ப்போரும் எதிர்த்தார்கள். டால்பின்களுக்கும் கேடு என்று ஆய்வுகள் சொல்லியிருந்தன. ஆளுநர் மாறினார். 2025 ஜூலையில், பெருந்தொகை செலவான பிறகு, மாநிலமே திட்டத்தைக் கைவிட்டது.

மீனவர்களின் அச்சம் பொய்யில்லை. அவர்கள் பிழைப்புக்கு உரிய ஈடும் மாற்றும் அவர்கள் ஏற்கும்படி அமைந்திருக்க வேண்டும். ஆனால் பணத்தின் தன்மையையும் பார்க்க வேண்டும். அபராதப் பணம் அங்கே வாழ்பவர் யாரும் கேட்டுத் திரட்டியது இல்லை. ஒரு பேரழிவு தந்தது. அந்தத் தவணைகள் 2031 வாக்கில் முடிந்துவிடும். பெரிய தொகை பெரிய ஒற்றைத் திட்டத்தை நாடும். பெரிய ஒற்றைத் திட்டத்தை ஓர் ஆட்சி மாற்றம் சாய்த்துவிடும். சான்பிரான்சிஸ்கோவில் ஒவ்வொரு பாத்தியும் தனி முடிவு. ஒன்று தவறினால் அடுத்ததைத் திருத்திக்கொள்ளலாம். சிறு பணம் நிதானத்தைக் கற்றுத் தருகிறது.

போதாமை

12 டாலரால் எல்லாம் ஆகிவிடும் என்று சொன்னால் அது பொய். அல்விசோவைக் காக்க மத்திய அரசோடு சேர்ந்து கட்டப்படும் வெள்ளக்கரையின் மதிப்பீடு முதலில் 20 கோடி டாலருக்கும் குறைவு. சில ஆண்டுகளில் அது 50 கோடியைக் கடந்தது. மெஷர் ஏஏ அந்த ஒரு திட்டத்துக்கு மட்டும் 6 கோடிக்கு மேல் தர ஒப்புக்கொண்டிருக்கிறது. இருபதாண்டு வருமானத்தில் எட்டில் ஒரு பங்கு அது. கடல் உயர்வுக்கு முகம்கொடுக்க 2050க்குள் விரிகுடாப் பகுதிக்கு 11,000 கோடி டாலர் வேண்டும் என்று 2023இல் வட்டார அமைப்புகள் கணக்கிட்டன. எதுவும் செய்யாவிட்டால் இழப்பு 23,000 கோடியைத் தாண்டும் என்றன. 50 கோடி அதில் ஒரு துளி. 2024 நவம்பரில் கலிபோர்னியா வாக்காளர்கள் 1,000 கோடி டாலர் காலநிலைக் கடன் பத்திரத்தை ஏற்றார்கள். அது மாநிலம் முழுவதற்கும், காட்டுத் தீ முதல் குடிநீர் வரை எல்லாவற்றுக்கும்.

பணம் யாரிடம் போய்ச் சேர்கிறது என்பது இன்னொரு கவலை. திட்டம் எழுதவும் அளவை செய்யவும் ஆள் வைத்திருக்கும் நகரங்கள் மானியத்தை எளிதில் வாங்கிவிடும். அல்விசோ, கிழக்குப் பாலோ ஆல்டோ, ரிச்மண்ட் போன்ற எளிய மக்கள் வாழும் கரையோரங்களுக்கு விண்ணப்பம் எழுதவே உதவி வேண்டும். வரிச்சுமை அவர்கள் மேல் சமமாக விழுந்திருக்க, பயன் அவர்களை முதலில் அடைவதே நேர்மை.

2037க்கு முன்

மெஷர் ஏஏ 2037இல் காலாவதியாகும். தென்பகுதி உப்பள மீட்புத் திட்டத்தின் ஐம்பது ஆண்டுகளில் அப்போது பெரும்பகுதி கழிந்திருக்கும், சதுப்பு பாதி வளர்ந்திருக்கும். 2016இல் பிறந்த குழந்தைகள் அப்போது வாக்காளர்கள். அவர்களிடம் மறுபடி கேட்க வேண்டியிருக்கும்.

கேட்கும் விதம் மாற வேண்டும். வரி தொடர வேண்டும், ஆனால் ஓய்வூதியர் வீட்டுக்கும் பெருநிறுவன வளாகத்துக்கும் ஒரே தொகை என்ற நிலை போக வேண்டும். கட்டடப் பரப்பைப் பார்த்து மனை வரி வாங்கும் வழக்கம் கலிபோர்னியாவின் சில உள்ளாட்சிகளில் ஏற்கெனவே உண்டு. துறைமுகங்களும் விமான நிலையங்களும் சதுப்பின் மேல் எழுந்தவை, சதுப்பால் காக்கப்படுபவை. துறைமுகங்கள் வாரும் சேற்றைப் பொதுச் சொத்தாகக் கணக்கில் எழுத வேண்டும், கடலில் கொட்டுவதை இழப்பாகப் பதிய வேண்டும். ஒவ்வொரு திட்டத் தொகையிலும் ஒரு பங்கைக் கண்காணிப்புக்கென்று தொடக்கத்திலேயே ஒதுக்கி, வேறு செலவுக்கு எடுக்க முடியாதபடி பூட்ட வேண்டும்.

பேரழிவு நடந்த பிறகு கிடைக்கும் இழப்பீட்டுக்காகக் காத்திருக்கும் கடற்கரைகள் உலகெங்கும் உண்டு. இந்த விரிகுடாவின் மக்கள் அழிவு வருமுன் தாமே பணம் எடுத்து வைத்தார்கள். தொகை போதவில்லை, சுமையைப் பகிர்ந்த விதத்தில் நியாயமும் போதவில்லை. இரண்டையும் திருத்தலாம். சதுப்பு எழும் காலம் முழுவதும் அதற்குத் துணையாக ஒரு பொதுப் பணம் ஓடிக்கொண்டிருக்க வேண்டும் என்று அவர்கள் எடுத்த முடிவில் திருத்த ஒன்றுமில்லை. கடலோர நகரம் ஒவ்வொன்றும் தன் வரவுசெலவுத் திட்டத்தில் அந்த முடிவுக்கு ஒரு நிரந்தர வரி ஒதுக்கியாக வேண்டும்.